புளி போட்டுத் தேய்த்த காசு

கன்னியம்மாளுக்கு மாப்பிள்ளை மேல் ஒரே ஒரு குறைதான். அவர் அவளைத் திட்டுவதில்லை.

இதை வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும். நூம்பலில் அவளுக்கு அடுத்த வீட்டிலிருக்கும் ஓரகத்தி எல்லம்மாவுக்கு வாய்த்த மாப்பிள்ளை மதுரைவீரன், ரசத்தில் உப்பு குறைந்தால், "இன்னா அத்தே, கடல்ல உப்பு தீந்து பூட்ச்சா?" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துவான். "நாக்க நீட்டு, ஒரு கல்லு வக்கிறேன்" என்று எல்லம்மாவும் பதிலுக்குக் கத்துவாள். அடுத்த அரைமணியில் இரண்டு பேரும் ஒரே தட்டில் வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு சீரியல் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் சுவர் தாண்டி வரும்போதெல்லாம் கன்னியம்மாளுக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன.

அவளுடைய மாப்பிள்ளை ஸ்ரீகாந்த் கோவில்பட்டிக்காரர். மகள் மோகனப்பிரியாவும் அவரும் ஒரே ஐ.டி. கம்பெனி. வானகரத்தில் நான்காவது மாடியில் ஃபிளாட். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமியாரை அவர் ஒரு முறைகூட "அத்தை" என்று கூப்பிட்டதில்லை. "வாங்க", "உட்காருங்க", "சாப்பிட்டீங்களா", "பரவாயில்லைங்க" ஆகிய நான்கை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். மாப்பிள்ளை முறுக்கு என்று ஏதாவது இருந்தாலாவது நெய் ஊற்றி இளக்கலாம். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்டரைப் பார்க்க வந்தவள் போல அவள் அந்த வீட்டு சோபாவின் நுனியிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்புவாள். பால் கறந்து, ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்துவைக்கிற வாய், அந்த நான்காவது மாடிக்குப் போனதும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மகள் போன் செய்து, "யம்மா, இந்த வருஷம் பூஜைய நம்ம ஃபிளாட்ல வக்கலாம்னு அவரே சொன்னாரு. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போறோம். நீ வந்து எல்லாத்தையும் ரெடி பண்ணு. அவரோட டூல்ஸ், லேப்டாப், பரண்ல கீற காசுப் பொட்டி, எல்லாத்தையும் தொடச்சி சாமிகிட்ட வச்சிடு" என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி, வீட்டு மரத்துப் புளி, ஒரு டப்பா சாம்பல் என்று ஒரு ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு போய் இறங்கினாள்.

துடைத்து வை என்றால் துடைத்து மட்டும் வைக்கிறவளா கன்னியம்மாள்? குத்துவிளக்கைத் தேய்த்தாள். தாம்பாளத்தைத் தேய்த்தாள். கத்தரிக்கோல், ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், மகள் வாங்கி ஒரு நாளும் தொடாத பித்தளைச் சொம்பு, எல்லாம் பளபளவென்று ஆயின. லேப்டாப்பைத் தேய்க்க முடியாதே என்று ஒரு வருத்தம்கூட இருந்தது. கடைசியாகப் பரணிலிருந்து காசுப் பெட்டியை இறக்கினாள்.

பழைய நாணயங்களைச் செட்டு செட்டாகச் சேர்ப்பது ஸ்ரீகாந்துக்கு உயிர். அவள் அதைத் திறந்து பார்த்தது அன்றுதான். உள்ளே நாற்பதுக்கு மேல் செட்டுகள், ஒவ்வொரு காசும் வழவழப்பான பிளாஸ்டிக் உறைக்குள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீல அட்டைப் பெட்டி. அதற்குள் எழுபதுகளில் வெளியான ஒரு செட்டு, அதில் பெரியதாக ஒரு வெள்ளிக் காசு, காசின் மேல் கதிர். மூன்று தலைமுறை நெல் விளைத்த குடும்பத்துக்காரிக்குக் கதிரைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? அந்தக் காசோ ஓரமெல்லாம் லேசாகக் கறுத்துக் கிடந்தது.

"சாமிக்கு வக்கிற காசு இப்பிடியா அய்க்கு புட்சிகினு கெடக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உறையிலிருந்து அதை உருவி, புளியைக் கரைத்து, சாம்பலைத் தொட்டு, கட்டைவிரலால் நன்றாக ஐந்து நிமிஷம் தேய்த்தாள். காசு கல்யாண வீட்டு வெள்ளித்தட்டு மாதிரி ஜொலித்தது. திருப்தியாக உறைக்குள் போட்டு, நீலப் பெட்டியை மூடி, மூடி மேல் மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைத்தாள். மற்ற காசுகளையும் தேய்க்கத்தான் இருந்தாள். அதற்குள் பால் பொங்கிவிட்டது.

மறுநாள் பூஜை ஜாம்ஜாமென்று நடந்தது. ஸ்ரீகாந்த் எல்லாவற்றையும் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றார். அவள் உச்சி குளிர்ந்து ஒரு கைப் பொரியை வாயில் போட்டுக்கொண்ட நேரத்தில், அவர் பால்கனியில் நின்று யாரிடமோ போனில் பேசுவது காதில் விழுந்தது.

"யாரோ ஒருத்தர் காசைச் சட்டையில தொடைச்சுக் கொண்டுவந்தாராம். ரசாக் பாய் பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டார். அம்பது வருஷம் பத்திரமா இருந்த காசு, ஒரு தடவை துணியால தொடைச்சதுல போச்சு. அதைத் தொடவே கூடாதுன்னு தெரியாதா அந்த ஆளுக்கு?... இல்ல, இல்ல, என்னோடதை யாரும் தொட்டதில்ல. ஞாயித்துக்கிழமை ஆவடி கண்காட்சியில அந்தக் கதிர் செட்டைத்தான் முன்னாடி வைக்கப் போறேன்."

கன்னியம்மாளின் வாயில் பொரி அப்படியே நின்றுவிட்டது. சட்டைத் துணிக்கே இந்தக் கதி என்றால் புளிக்கும் சாம்பலுக்கும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. தேள் கொட்டிய திருடன் மாதிரி கத்தவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பூஜைக்கு மறுநாள் வியாழக்கிழமை முழுக்கக் கால்வலி என்று சொல்லிவிட்டு அங்கேயே தங்கினாள். ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் கண்காட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடியில், நாணயங்களின் தரம் பார்ப்பவர் அப்துல் ரசாக் என்றும், பூந்தமல்லியில் அவர் கடை இருக்கும் இடமும் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை இருவரும் ஆபீஸ் கிளம்பியதும், நீலப் பெட்டியை ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத் துண்டில் சுற்றி, கட்டைப்பையில் போட்டு, பையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

ரசாக்கின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பீரோ அகலத்துக்கு இருந்தது. வாட்ச் ரிப்பேர் கடைதான். கண்ணில் மாட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்றே இரண்டு தொழிலுக்கும் போதுமாக இருந்தது. ரசாக்குக்கு நாற்பது வயதிருக்கும்.

"நைனா, காசு பாக்கறது நீதானா?"

"நான்தாம்மா. இன்னா கொணாந்துகீற?"

"என்னுது இல்ல. பக்கத்து ஊட்டுக்காரி மாப்ளயோடது. அவ தெரியாத்தனமா அத்த கய்விட்டா. அவளால வர முடியல, அதான் நான் எட்த்துகினு வந்தேன்."

"எதுல கய்வினாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? புளி, சாம்பல்னு ஏதோ சொன்னா."

ரசாக் மேஜை மேல் கறுப்பு வெல்வெட் துணியை விரித்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். காசைத் தொடவே இல்லை. முதலில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலை மழுங்கியிருக்கிறதா, உள்ளே பழைய சீட்டு இருக்கிறதா, ஈரக்கறை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதினார்.

"காசப் பாருன்னா டப்பாவப் பாத்துகினு கீறியே?"

"ஊடு எப்பிடி கீதுன்னு பாத்தாத்தான் ஆளு எப்பிடி இருப்பான்னு தெரியும்மா. டப்பா மேல குங்குமம் கீது."

"பூஜைக்கு வச்சது."

"பக்கத்து ஊட்டுலயா?"

"ஆமா. பக்கத்து ஊட்டுல."

பிறகு அந்த வெள்ளிக் காசை இரண்டு விரலால் ஓரத்தில் மட்டும் பிடித்து விளக்கின் கீழ் சாய்த்தார். லென்ஸை மாட்டினார். பல் குத்துகிற குச்சியால் காசின் விளிம்பு வரிகளிலிருந்து எதையோ மெல்ல எடுத்து வெல்வெட்டில் வைத்தார். பழுப்பாக, மயிரிழை அளவுக்கு ஒரு நார்.

"புளி நாரு. ஏதோ கடையில வாங்கன பழம்புளி போல."

"கடைப் புளியா?" கன்னியம்மாள் சீறினாள். "எங்க மரத்துப் புளி நைனா! கொட்ட எட்த்து, உப்பு போட்டு, என் கையால பானையில அடைச்சது!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ரசாக் லென்ஸைக் கழற்றாமலே சிரித்தார். கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மஞ்சள் இன்னும் போகாத கட்டைவிரலை முந்தானைக்குள் ஒளித்தாள்.

"இந்தாம்மா, நீயே பாரு" என்று லென்ஸை அவள் கண்ணில் வைத்தார். காசு ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. கதிரைச் சுற்றி, கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய இடமெல்லாம், குறுக்கும் நெடுக்குமாக ஆயிரம் கோடுகள்.

"ஐயோ, ஏர் ஓட்டுன கயனி மாதிரி கீதே."

"ஓட்டுனது நீதான். இந்த மாதிரி காச அச்சடிக்கும்போதே கண்ணாடியாட்டம் அடிப்பாங்க. கறுத்தாக்கூட ஒண்ணும் இல்ல, கறுப்பு அதோட வயசு. கண்ணாடி போச்சுன்னா போச்சுதான். திரும்ப வராது."

கன்னியம்மாள் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். "இதே மாதிரி வேற ஒண்ணு கெடைக்குமா நைனா?"

கிடைத்தது. அவரிடமே ஒன்று இருந்தது. அவர் சொன்ன விலை ஒரு மாதப் பால் வருமானம். யோசிக்காமல் சரி என்று சுருக்குப் பையை எடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வழி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவளுக்குப் பசிக்கக்கூடத் தொடங்கியது. புதிய காசைப் பொருத்துவதற்காக ரசாக் மற்ற உறைகளை வெளியே எடுத்தார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"மழக்கோட்டு வாசன வருது. இது யாரு வேல?"

"சத்தியமா நான் இல்ல நைனா! மீதியெல்லாம் நான் தொடவே இல்ல!"

"நீ இல்லம்மா. இது உறையோட வேல." ஒரு செம்புக் காசைத் திருப்பிக் காட்டினார். பாசி பிடித்த கிணற்றுப் படி மாதிரி மெல்லிசாக ஒரு பச்சைப் படலம். "இந்த வழவழா பிளாஸ்டிக் இருக்குது பாரு, சூடு பட்டா எண்ண கக்கும். அது காசுல ஒட்டி அரிக்கும். நீ ஒண்ணத்தான் கெடுத்த. இந்த உறை மொத்தத்தையும் தின்னுகினு கீது. இதே உறையில இன்னும் எத்தினி செட்டு?"

"நாப்பதுக்கு மேல இருக்கும்."

"எங்க வச்சிருக்காரு?"

"பரண்ல. அடுப்புக்கு நேர் மேல."

ரசாக் லென்ஸைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "எந்த மாப்ளம்மா இவுரு?"

"வானகரம் ஸ்ரீகாந்த்."

அவர் மளமளவென்று கையுறையைக் கழற்றிவிட்டார், நெருப்பைத் தொட்டவர் போல. "ஸ்ரீகாந்த் சார் செட்டா! மொதல்லயே சொல்லக் கூடாதா? ஞாயித்துக்கெழம இதுக்குச் சீட்டு எழுத வேண்டியவனே நான்தாம்மா!"

கண்காட்சியில் ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் ஒரு சீட்டு ஒட்டுவார்களாம். காசு எப்படி, உறை எப்படி, பாதுகாப்பு எப்படி என்று அதில் பச்சையாக எழுதியிருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பார்கள்.

"நீ கொஞ்சம் நல்லா எழுதக் கூடாதா?"

"கெட்டத நல்லதுன்னு எழுதுனா அப்புறம் நான் வாட்ச்ச மட்டும் பாத்துகினு கெடக்க வேண்டியதுதான். நீ வந்துட்டதால அவரு டேபிளுக்கு நான் எழுத மாட்டேன். ஆவடி நடேசன் சார எழுதச் சொல்லிடறேன். டாங்கி ஃபேக்டரில முப்பது வருஷம் இன்ஸ்பெக்சன்ல இருந்தவரு."

"அவரு பரவாயில்லையா?"

"என்னவுட மோசம்."

"அப்ப நீயே மாப்ளைக்கு ஒரு போன் போட்டு உறைய மாத்தச் சொல்லேன்."

"சீட்டு எழுதற கூட்டத்துல கீறவன் ஒருத்தருக்கு மட்டும் முன்னாடியே சொல்லலாமா? நீ சொல்லு. ஊட்டு மனுஷிதானே நீ? இன்னும் ரெண்டு நாள் கீது. பச்சைய எடுக்க வழி கீது, நல்ல டப்பாவும் கீது."

ஊட்டு மனுஷி. அந்தச் சொல் கன்னியம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. உறையைப் பற்றிச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று மாப்பிள்ளை கேட்பார். புளிக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் தன் மானம் தப்பும். ஆனால் ஒரு மண்டபம் ஜனத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் தலை குனியும், பரணில் இருப்பதும் பச்சையாகவே போகும். சொன்னாலோ, அவர் திட்டமாட்டார். அதுதான் அவளுக்குப் பயம். அந்த நான்கில் ஒன்றான "பரவாயில்லைங்க"வைச் சொல்லிவிடுவார்; இனிமேல் ஆயுத பூஜைக்கு நூம்பலுக்குப் போனே வராது.

வெல்வெட் மேல் புதுக் காசு கதிரோடு மின்னியது. கன்னியம்மாள் அதைப் பார்த்தாள். சுருக்குப் பையின் வாயை இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத்த நீயே வச்சிக்க நைனா. என்னுத மட்டும் கட்டிக் குடு."

அன்று சாயங்காலம் ஸ்ரீகாந்த் ஷூ கழற்றிக்கொண்டிருக்கும்போதே டிபன் டப்பாவை அவர் முன்னால் வைத்துவிட்டு, புளியில் தொடங்கி பூந்தமல்லி வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். மோகனப்பிரியா, "யம்மா!" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஸ்ரீகாந்த் டப்பாவைத் திறந்து காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய காது மடல்கள் சிவந்தன. இதோ கத்தப் போகிறார் என்று கன்னியம்மாள் காத்திருந்தாள். கத்தட்டும், மதுரைவீரன் மாதிரி தெருவுக்கே கேட்கும்படி கத்தட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். அவர் எச்சிலை விழுங்கினார்.

"பரவாயில்லைங்க."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த அழுகையை அடக்கிக்கொண்டு, "பரவாயில்லன்னா வுடுங்க. ஆனா மேல பரண்ல கீறதெல்லாம் பச்ச புட்சிகினு கீதாம், அத்தப் பாருங்க மொதல்ல" என்றாள். ஸ்ரீகாந்த் ஒரு ஷூவோடு சமையலறைக்கு ஓடினார்.

சனிக்கிழமை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பச்சையை எடுக்கிற அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும் என்பதால் கேஸையே மூடிவிட்டு, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தார்கள். அதை வாங்கி வா என்று அனுப்பிய மோகனப்பிரியா நகப்பூச்சு எடுக்கிற ரோஜா வாசனைத் தண்ணீரை வாங்கி வந்து, திரும்பப் போனாள். ஸ்ரீகாந்த் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாக்களை இரண்டு பை நிறைய வாங்கி வந்தார். காசை உறையிலிருந்து எடுப்பது, கண்ணாடிக் கிண்ணத்தில் முக்குவது, தேய்க்காமல் காயவிடுவது, டப்பாவில் அடைப்பது என்று மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹோட்டல் சாம்பாரில் வெல்லம் போட்டிருக்கிறான் என்று கன்னியம்மாள் ஒரு முறை குறைப்பட்டதைத் தவிர யாரும் அதிகம் பேசவில்லை.

அவளுக்குக் காசு கையில் கிடைத்தால் கட்டைவிரல் தானாக அதன் முகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறந்ததிலிருந்து காசை அப்படித்தானே பிடித்திருக்கிறாள்? "கொஞ்சம் ஓரத்தில பிடிச்சுக்கோங்க, ப்ளீஸ்" என்பார் ஸ்ரீகாந்த். சாயங்காலத்துக்குள் பதினோரு ப்ளீஸ் ஆகிவிட்டது. ஒவ்வொரு ப்ளீஸும் அவளை ஒரு அடி தள்ளி உட்கார வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆவடி ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஐம்பது மேஜைகள். நடேசன் சார் வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு, சிரிப்பு என்பதையே ஃபேக்டரியில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி ஒவ்வொரு மேஜையாக வந்தார். ஸ்ரீகாந்தின் மேஜையில் பத்து நிமிஷம் குனிந்து பார்த்தார். பிறகு எழுதினார்: "உறை நன்று. பாதுகாப்பு நன்று. கதிர்க் காசு தேய்க்கப்பட்டுள்ளது." ஒட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். கன்னியம்மாள் மூச்சு விட்டாள்.

தேய்த்த அந்தக் காசை ஸ்ரீகாந்த் ஒளிக்கவில்லை. தனி டப்பாவில் வைத்து, பக்கத்தில் ஒரு லென்ஸையும் ஒரு அட்டையையும் வைத்திருந்தார். "புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தது. இப்படிச் செய்யாதீர்கள்" என்று எழுதியிருந்தார். யார் தேய்த்தது என்று போடவில்லை. அந்த மரியாதையும் அவளுக்கு உறுத்தியது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், மண்டபத்தில் எங்கும் இல்லாத கூட்டம் அந்த ஒரு காசுக்கு முன்னால்தான் கூடியது. வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் யாரோ ஒருவர் எதையோ தேய்த்திருந்தார்கள். "எங்க ஊட்டுல பீதாம்பரி போட்டாங்க" என்றாள் ஒரு அம்மாள். "எங்க அக்கா பல்பொடி" என்றார் இன்னொருவர். "எத்தன நேரம் தேச்சா இவ்ளோ கோடு விழும்?" என்று ஒருத்தி கேட்டாள். கன்னியம்மாளால் எவ்வளவு நேரம்தான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க முடியும்?

"அஞ்சு நிமிசம்மா. இந்தக் கைதான் தேச்சது" என்று முன்னால் வந்தாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. எங்கள் மரத்துப் புளி, சாம்பல், குங்குமம், டிபன் டப்பா, ஏர் ஓட்டிய கழனி எல்லாம் வந்தன. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. இரண்டு நாளாக ஒட்டிக்கிடந்த வாய் திறந்ததில் அவளுக்கே தன்னைப் பிடித்துப்போயிற்று. அந்த உற்சாகத்தில், "தேக்காத காசு எப்பிடி இருக்கும்னு பாக்குறியா? இதோ பாரு" என்று பக்கத்து டப்பாவின் மூடியைத் திறந்து, கண்ணாடி போல் மின்னிய ஒரு காசை எடுத்து, அதன் முகத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து உயர்த்திக் காட்டினாள்.

"அத்தை!"

மண்டபம் அதிர்ந்தது. மூன்று மேஜை தள்ளி நின்ற ரசாக்கின் கையிலிருந்த டீ தளும்பியது.

"கையை எடுங்க! ஓரத்தைப் பிடிங்க அத்தை, ஓரத்தை! நேத்திலருந்து எத்தனை தடவை சொல்றேன்? ஒண்ணைத் தேச்சது போதாதா? உங்க கையைக் கட்டித்தான் போடணும் போலிருக்கு!"

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. நடேசன் சாரின் பேனாகூட நின்றுவிட்டது. மோகனப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்த ஸ்ரீகாந்துக்கு முகம் வெளுத்தது. "சாரிங்க... நான் ஏதோ..."

கன்னியம்மாள் காசை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்தாள், கொஞ்சமும் பிசகாமல். டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு மாப்பிள்ளைக்கு நேராக வந்து நின்றாள்.

"இன்னா சொன்னீங்க?"

"சாரின்னு..."

"அதுக்கு முன்னாடி."

"கையைக் கட்டிப் போடணும்னு... தப்புதாங்க."

"அதுக்கும் முன்னாடி. மொத மொதல்ல."

ஸ்ரீகாந்த் விழித்தார். யோசித்தார். "அத்தை?"

"ஆங்." அவள் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. "இத்தக் கூப்புடறதுக்கு ஒரு வெள்ளிக் காசு போவ வேண்டியிருந்துச்சா? ரெண்டு வருசமா நான் இன்னாமோ வாடகைக்கு வந்தவளாட்டம் சோபா நுனியில குந்திகினு கீறேன். பெருசா கத்த வந்துட்டீங்க! நீங்க மட்டும் இன்னா ஒசத்தி? அடுப்புக்கு மேல காச வேக வச்ச ஆளுதானே நீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸ்ரீகாந்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அது வேகல, பச்சைதான் பிடிச்சுது" என்று அவர் எதிர்வாதம் செய்தார். "பச்ச புட்சா நல்லதா?" என்று அவள் மடக்கினாள். இரண்டு பேரும் அங்கேயே, ஐம்பது மேஜைக்கு நடுவில், யார் அதிகக் காசைக் கெடுத்தார்கள் என்று சண்டை போட்டார்கள். மோகனப்பிரியா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கன்னியம்மாள் மண்டபத்துக்கு வெளியே வந்து, ரயில் சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, நூம்பலுக்குப் போன் போட்டாள்.

"எல்லம்மா, எங்க மாப்ள என்ன திட்டிட்டாருடி."

"ஐயய்யோ! எப்போ?"

"இப்பத்தான். ஒரு மண்டபம் ஜனத்துக்கு முன்னாடி. கையக் கட்டிப் போடணுமாம் எனக்கு. அத்தேன்னு கூப்ட்டு, எவ்ளோ சத்தமா தெரியுமா? உன் மாப்ளயெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது."

எல்லம்மா அந்தப் பக்கமிருந்து, "சரி, சரி, ரொம்பத்தான் அலட்டிக்காத. அவுருக்கு இன்னா கொயம்பு புடிக்கும்னு கேட்டு வை. ராத்திரிக்கு இங்க இட்டுகினு வா" என்றாள்.

"புளிக்கொயம்புதான்" என்று சொல்லிவிட்டு, கன்னியம்மாள் உள்ளே போனாள்.